நாயின் முதுகில் நெட்டி எடுப்பவர்களைப் பற்றி, கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சென்னையில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் 6 வயது டாஷண்ட் ஒன்றோடு வாழும் பள்ளி ஆசிரியை. அவள் பெயர் மிளகு. நாயை ‘அது’ என்று எழுத எனக்கு வராது, அதனால் கடிதம் முழுக்க ‘அவள்’ என்றுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயின் முதுகெலும்பைப் பிடித்துத் திருகி, தட்டி, ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று செய்வதும் கால்நடை மருத்துவம்தான், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் அந்த நாயைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் அதைச் செய்யக்கூடாது என்று நீங்கள் எழுத்தில், தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி அறிவிக்க வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் மிளகு சோபாவில் ஏறவில்லை. தினமும் நான் காபி குடிக்கும்போது பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்பவள், அன்றைக்குக் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கப் போனேன், வீல் என்று கத்தினாள். முதுகு லேசாக வளைந்திருந்தது, வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது, உடம்பு விட்டு விட்டு நடுங்கியது. தெருமுனையில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்தில் காட்டினோம், வயிற்று வலியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளாகியும் மாற்றம் இல்லை. என் மாமியார் பார்த்துவிட்டு, “இது சுளுக்கும்மா, யாரையாவது கூப்பிட்டு வழிச்சு விடச் சொல்லு” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. நாமெல்லாம் கையை நம்பி வளர்ந்தவர்கள். குழந்தை கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டுகிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறோம், கை முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்த சித்தப்பாக்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள், குமரி மாவட்டத்துப் பக்கம் போனால் வர்மம் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அந்த நம்பிக்கையோடு கைபேசியில் தேடினால் என்ன வருகிறது? வெளிநாட்டில் எடுத்த வீடியோக்கள். ஒரு பெரிய நாய் நிற்கிறது, ஒருவர் அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வெட்டு வெட்டுகிறார், ‘டக்’ என்று சத்தம் வருகிறது, நாய் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அவர் முகத்தை நக்குகிறது. இப்படி நூறு வீடியோ. அதற்கு நடுவில், இதே வேலையை நம் ஊரிலேயே வீட்டுக்கு வந்து செய்வதாகச் சொல்லும் ஒருவரின் எண்.

வந்தார். அன்பாகத்தான் பேசினார், மிளகுக்கும் அவரைப் பிடித்துவிட்டது, அதையெல்லாம் மறைக்கப் போவதில்லை. அவர் கால்நடை மருத்துவர் இல்லை. விரலால் முதுகு நெடுக ஓட்டிப் பார்த்துவிட்டு, நடு முதுகில் ஒரு இடத்தில் நிறுத்தி, “இங்கே ஒரு எலும்பு விலகியிருக்கு மேடம், உள்ளே தள்ளிட்டா சரியாயிடும்” என்றார். எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா, வேறு மருத்துவர் பார்த்தாரா என்று ஒரு கேள்வி இல்லை. பத்து நிமிடம் நீவி விட்டார், அப்புறம் இரண்டு பக்கமும் கை வைத்து மூன்று முறை வெடுக்கென்று அழுத்தினார். சத்தம் வந்தது. மிளகு கத்தவில்லை, அமைதியாகப் படுத்துவிட்டாள். 1,800 ரூபாய் கொடுத்தேன். இன்னும் நான்கு சிட்டிங் ஆகும் என்றார்.

அடுத்த நாள் காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். வீடியோ காலில் வந்து, பின்னங்கால் விரலை நெருடச் சொன்னார். நெருடினேன், கால் வெடுக்கென்று மடங்கியது. “பாருங்க, நரம்பு வேலை செய்யுது, பயப்படாதீங்க, சாயந்தரம் வந்து இன்னொரு சிட்டிங் பண்றேன்” என்றார். அதை நம்பி அரை நாளைத் தொலைத்தேன். மதியம் அவள் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதைப் பார்த்துப் பயந்துதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே இருந்த மருத்துவர் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். நாய் வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிய வேண்டும். விரலை நெருடினால் கால் மடங்குவது வெறும் அனிச்சைச் செயல், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நடுவில் அறுந்தே போயிருந்தாலும் அது நடக்கும், ஏனென்றால் அந்தச் செய்தி மூளைக்குப் போகாமல் கீழேயே சுற்றித் திரும்பிவிடுகிறது. வலி மூளைக்குப் போகிறதா என்று தெரிய வேண்டுமானால் காலைப் பார்க்கக்கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? மிளகு மெதுவாகத் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைதான் எங்களுக்கு இருந்த நம்பிக்கை. அந்த ஆழ்ந்த வலி உணர்வு மிச்சம் இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் வரை திரும்ப நடக்கின்றன, அது போன பிறகு செய்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். நான் சாயந்தர சிட்டிங்குக்காகக் காத்திருந்தேனே, அந்த நேரத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். மார்பு முதுகெலும்பு முடிந்து இடுப்பு முதுகெலும்பு தொடங்கும் இடத்தில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எலும்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரித் திறந்து, உள்ளே கிடந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு மூன்று வாரம் அவள் மூத்திரப்பையை நாங்கள்தான் நாளுக்கு நாலு முறை அமுக்கி விட்டோம். இப்போது நடக்கிறாள். வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, மாடிப்படி ஏறவே விடுவதில்லை, மற்றபடி பழைய மிளகுதான்.

அந்த மூன்று அழுத்தலால்தான் ஜவ்வு பிதுங்கியது என்று நான் நிரூபிக்க முடியாது. அது ஏற்கெனவே கொஞ்சம் வெளியே வந்திருந்தது, அதனால்தான் இரண்டு நாளாக வலித்தது, அவர் தொடாமல் இருந்திருந்தாலும் மறுநாள் மோசமாகியிருக்கலாம் என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் அப்படி இருந்த முதுகில் யாரும் கை வைத்திருக்கவே கூடாது என்பதையும் அவரே சொன்னார். அவர் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலை நாய் வளர்ப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாயின் முதுகில் கழுத்துக்கு 7, மார்புக்கு 13, இடுப்புக்கு 7 என்று முள்ளெலும்புகள். தலைக்குக் கீழே இருக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையில் மட்டும் கிடையாது, மற்றபடி அடுத்தடுத்த எலும்புகளுக்கு நடுவே ஒரு டிஸ்க், நாம் ஜவ்வு என்று சொல்வது. அதை ஒரு நுங்கு மாதிரி நினைத்துக்கொள்ளலாம், வெளியே நார் வளையம், உள்ளே வழுவழுப்பான கூழ். டாஷண்ட் மாதிரிக் குட்டைக்கால் நாய்களுக்கு அந்தக் கூழ் ஒரு வயதுக்குள்ளேயே முற்றத் தொடங்கி, குருத்தெலும்பு போலாகி, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. முற்றின நுங்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அது அதிர்ச்சியைத் தாங்காது. நார் வளையம் கிழிந்தால் அந்தக் கட்டி மேல்பக்கமாகப் பாய்ந்து தண்டுவடத்தை இடிக்கும். ஹான்சன் என்ற சுவீடன் ஆராய்ச்சியாளர் 1950களின் தொடக்கத்திலேயே இதைப் பிரித்துக் காட்டினார், இன்றைக்கும் ‘ஹான்சன் முதல் வகை’ என்றுதான் உங்கள் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம், எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று 12ஆவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருப்பது, 2017இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, டாஷண்டின் டிஸ்க் பிரச்சினை அது பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. வாழ்நாளில் டாஷண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்காவது இது வரும்.

இன்னொன்று. மார்புப் பகுதியில் முதல் பத்து எலும்புகள் வரை, இந்தப் பக்கத்து விலா எலும்பின் தலையிலிருந்து அந்தப் பக்கத்து விலா எலும்பின் தலைக்கு ஒரு தசைநார், டிஸ்க்கின் மேலே குறுக்கே பாலம் போட்ட மாதிரிப் போகிறது, அதனால் அங்கே டிஸ்க் மேலே பாய்வது அபூர்வம். அந்தப் பாலம் முடிகிற இடத்திலிருந்துதான் ஆபத்துத் தொடங்குகிறது. மிளகுக்கு வெடித்தது அங்கேதான். அந்த மனிதர் கையை நிறுத்தி ‘எலும்பு விலகியிருக்கு’ என்று சொன்னதும் ஏறக்குறைய அங்கேதான். வலிக்கிற இடத்தை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். வலிக்குக் காரணம் என்ன என்பதுதான் அவருக்குத் தெரியாது, விரலால் தெரிந்துகொள்ளவும் முடியாது.

எலும்பு உண்மையிலேயே விலகியிருந்தால் அந்த நாய் வாலாட்டிக்கொண்டு வரவேற்காது. பிதுங்கிய ஜவ்வை வெளியிலிருந்து அழுத்தி உள்ளே தள்ளவும் முடியாது, பிழிந்த பற்பசையைத் திரும்ப டியூபுக்குள் தள்ள முடியாத மாதிரி. அந்த ‘டக்’ சத்தமும் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகும் சத்தம், நாம் விரலில் நெட்டி எடுத்தால் வருகிறதே, அதேதான். விரல் நெட்டி எடுத்தால் சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகத்தை வைத்து ஜவ்வு சரியாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியுமா?

சரி, டாஷண்டை விடுங்கள். நம் ஊரில் பின்னங்கால் தடுமாறுகிற நாய்க்கு எத்தனை காரணம் இருக்கலாம்! மழை முடிந்ததும் உண்ணி, அதிலிருந்து உண்ணிக் காய்ச்சல், அதில் மூட்டெல்லாம் வீங்கி நாய் விறைத்து நடக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கு டிஸ்டெம்பர் வந்து நரம்பைத் தாக்கினால் பின்பக்கம் விழும். புரூசெல்லா போன்ற கிருமிகள் டிஸ்க்குக்குள்ளேயே போய்ச் சீழ் பிடிக்க வைக்கும், அந்த எலும்பை அழுத்தினால் என்ன ஆகும்? வயதான ஜெர்மன் ஷெப்பர்டுக்குத் தண்டுவடமே மெல்ல மெல்லத் தேய்கிற நோய் உண்டு. டாபர்மேனுக்கும் கிரேட் டேனுக்கும் கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெருக்கும் நோய் வரும். வீட்டுக்கு வீடு இருந்த பொமரேனியன் போன்ற குட்டை நாய்களில் சிலவற்றுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் முளை பிறவியிலேயே சரியாக வளர்ந்திருக்காது, அப்படிப்பட்ட கழுத்தை அந்த வீடியோவில் வருகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினால் மூச்சே நின்றுவிடலாம். 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு ஊரெல்லாம் வந்த பக் நாயின் சுருண்ட வால் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் வாலைச் சுருட்டும் அந்தக் குறை மேலே முதுகெலும்பிலும் ஆப்பு வடிவத்தில் இருக்கக்கூடும். தெருநாயை எடுத்து வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கவலை, வண்டி மோதிய பழைய முறிவு வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும்.

இவை எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ‘முதுகுப் பிடிப்பு’ மாதிரித்தான் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில்கூடத் தண்டுவடம் தெரியாது, சுண்ணாம்பு படியாத டிஸ்க்கும் தெரியாது, எலும்புதான் தெரியும். படித்த மருத்துவரே ரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்துத்தான் முடிவுக்கு வருகிறார். அப்படியிருக்க, வெறும் விரலை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித் துணிகிறார்?

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். 1895 செப்டம்பரில், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில், காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி. டி. பாமர் என்பவர், காது கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டது என்று சொன்னதிலிருந்து தொடங்குகிறது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பு விலகலே வேர் என்றார் பாமர். முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்வதாகச் சொல்லும் இந்த முறைக்குத்தான் கைரோபிராக்டிக் என்று பெயர். இன்றைக்கு மனிதர்களுக்கான கைரோபிராக்டிக்கில் பலர் அந்தக் கொள்கையை விட்டுவிட்டு இடுப்பு வலி, கழுத்து வலி என்ற அளவில் நின்றுகொண்டார்கள். நாய்க்கும் குதிரைக்கும் இதை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஷரன் வில்லபி, கால்நடை மருத்துவம், கைரோபிராக்டிக் இரண்டும் படித்தவர். அவர் முயற்சியில் 1989இல் அமெரிக்கக் கால்நடை கைரோபிராக்டிக் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் சான்றிதழ் வேண்டுமானால் ஏற்கெனவே கால்நடை மருத்துவராகவோ உரிமம் பெற்ற கைரோபிராக்டராகவோ இருக்க வேண்டும், அதற்கு மேல் 200 மணி நேரத்துக்கும் கூடுதலான படிப்பு. இங்கிலாந்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 2015இல் வந்த விலக்கு ஆணையும் சேர்ந்து, மருத்துவர் அல்லாதவர் விலங்குக்குப் பிசியோதெரபியோ கைரோபிராக்டிக்கோ செய்யலாம், ஆனால் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில்தான் என்று வைத்திருக்கின்றன. நாம் கைபேசியில் பார்க்கும் வீடியோவில் அந்த 200 மணி நேரமும் தெரிவதில்லை, அதற்கு முன்னால் அந்த நாயைப் பார்த்த மருத்துவரும் தெரிவதில்லை. அந்த ‘டக்’ மட்டும்தான் கடல் தாண்டி வந்திருக்கிறது.

முறையாகப் படித்தவர் செய்தால் பலன் உண்டா? தசை இறுக்கமும் மூட்டு விறைப்பும் மட்டும் இருக்கும் நாய்க்கு, மென்மையான கை வைத்தியம் இதம் தரலாம் என்றே நினைக்கிறேன், மிளகுக்கே அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபியும் தண்ணீருக்குள் நடக்க வைக்கும் பயிற்சியும் நன்றாகக் கைகொடுத்தன. ஆனால் வெடுக்கென்று தள்ளும் முறைக்கு நாய்களில் நம்பத்தக்க ஆதாரம் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்ச ஆய்வுகளும் பெரும்பாலும் குதிரைகளில்தான், அவையும் முதுகின் அசைவையும் வலி தாங்கும் அளவையும் பார்த்தவை. டிஸ்க் பிதுங்கிய நாயை இது குணப்படுத்தும் என்று காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை.

‘என் நாய்க்குச் சரியாச்சே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. டிஸ்க் லேசாகப் பிதுங்கிய நாய்கள் பல, ஒழுங்காக ஓய்வு கொடுத்தால் தானாகவே தேறிவிடும். தேறுகிற நேரத்தில் யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர் போய்ச் சேரும். இன்னொரு காரணம் நம் கண். 2012இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது, மூட்டு வாதத்தால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். நாய் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த கருவி அளந்தது. கருவிப்படி மாற்றம் இல்லாதபோதும், வளர்ப்பவர்கள் 57 சதவீதம் தடவை ‘நல்லா நடக்குது’ என்றார்கள். மருத்துவர்களுக்கே 40 சதவீதத்துக்கு மேல் அப்படித் தோன்றியது. சிட்டிங் முடிந்த அன்று மாலை, மிளகு நன்றாக இருக்கிறாள் என்று என் தங்கைக்கு நான் போன் செய்து சொன்னேன். மிளகு படுத்தேதான் இருந்தாள். இருந்தாலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக்கூடாது என்கிறது. ஒரு விலக்கு மட்டும் உண்டு, அதற்கான பட்டயமோ சான்றிதழோ வைத்திருக்கும் உதவியாளர்களைச் சிறு சேவைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். சிறு சேவை என்றால் என்ன என்றும் அங்கேயே இருக்கிறது: தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், இப்படியான முதலுதவிகள். அதையும் பதிவு பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கே மேலே ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம், தண்டுவடத்துக்கு விரற்கடை தூரத்தில் ஒருவர் முழு பலத்தோடு அழுத்துவதை அனுமதித்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர்கள் இதை மருத்துவம் என்று சொல்வதே இல்லை. ‘வெல்னெஸ்’ என்கிறார்கள், ‘பாடி ஒர்க்’ என்கிறார்கள், ‘பெட் ஸ்பா’ விலைப்பட்டியலில் குளியலுக்கும் நகம் வெட்டுவதற்கும் கீழே ஒரு வரியாகப் போட்டுவிடுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் சட்டம் கண்டுகொள்ளாது என்ற தைரியம் அது. அந்த இடத்தில்தான் நீங்கள் பேச வேண்டும்.

என்னவென்று பேச வேண்டும்? விலங்கின் முதுகெலும்பில் வேகமாக அழுத்தும், திருகும் எந்தச் செயலும், என்ன பெயரில் செய்தாலும், 30ஆவது பிரிவுக்குள் வரும் என்று சொல்லுங்கள். நீவி விடுவது, பிசியோதெரபி, நீர்ப் பயிற்சி போன்றவற்றைத் தடுக்க வேண்டாம், ஆனால் நரம்புக் கோளாறு இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் முதலில் பார்த்து, எழுதிக் கொடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கே புகார் செய்வது என்பதற்கு ஒரு வழி வையுங்கள். எனக்கு நடந்ததை யாரிடம் சொல்வது என்று இரண்டு மாதம் விசாரித்தேன், காவல் நிலையமா, மாநகராட்சியா, நுகர்வோர் நீதிமன்றமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அந்த மனிதரைத் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அதனால்தான் அவர் பெயரை எங்கேயும் போடவில்லை. அவருக்கு நாய் என்றால் உயிர், அது பொய் இல்லை. இப்படி ஆர்வமாக வருகிற பிள்ளைகளுக்கு நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே விலங்குப் பிசியோதெரபி உதவியாளர் என்று ஒரு படிப்பு நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1903இலிருந்து மருத்துவர்களை உருவாக்கிவரும் கல்லூரி வேப்பேரியில் இருக்கும்போது, அவர்கள் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் ஏன் வருகிறது?

மருத்துவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். மக்கள் ஏன் அவரிடம் போகிறார்கள்? அவர் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து என் நாயைத் தொட்டுப் பேசினார். முதலில் போன இடத்தில் மிளகை மேசைமேல் வைத்து இரண்டு நிமிடம்தான் பார்த்தார்கள், நடக்க விட்டுப் பார்க்கவே இல்லை. கூட்டம் அதிகம், எனக்கும் தெரிகிறது. ஆனாலும் குட்டைக்கால் நாய் ஒன்று வயிறு இறுகி நடுங்கிக்கொண்டு வந்தால், பாதத்தை ஒரு தரம் மடக்கி வைத்து அது நிமிர்த்திக்கொள்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. ‘ரெஸ்ட் கொடுங்க’ என்று சொல்லும்போது அந்த ரெஸ்ட் என்றால் என்ன என்றும் சொல்லுங்கள். எங்களுக்கு ரெஸ்ட் என்றால் வாக்கிங் போகாமல் வீட்டில் இருப்பது. குறைந்தது நான்கு வாரம் கூண்டிலோ சின்னத் தடுப்புக்குள்ளோ வைக்க வேண்டும், சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றோடு வெளியே கூட்டிப்போக வேண்டும், சோபா, கட்டில், படி எதுவும் கூடாது, தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு வளையாமல் தூக்க வேண்டும் என்று எனக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் ஒருவர் செய்தே காட்டினார். வலி மாத்திரை கொடுத்ததும் நாய் துள்ளிக் குதிக்கும், அப்போதுதான் இன்னும் கவனமாக அடைத்து வைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், நான் கைபேசியில் தேடியிருக்கவே மாட்டேன்.

இதைப் படிக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் இரண்டு வரி. நடக்கும்போது நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டால், பாதம் மடங்கினால், தூக்கும்போது கத்தினால், பின்பக்கம் குடித்தவன் மாதிரி ஆடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பின்னங்கால் இழுத்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் போங்கள். அதுவரை யாரையும் நீவக்கூட விடாதீர்கள், வீட்டுப் பெரியவர்களையும்தான்.

கவுன்சிலுக்கு மறுபடியும். நான் கேட்கும் அறிவிப்பு ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும், படத்தோடு. அரசுக் கால்நடை மருந்தகங்களிலும், தனியார் கிளினிக்குகளிலும், நாய் உணவு விற்கும் கடைகளிலும் ஒட்டலாம். படம் வரைய என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே தயாராக இருக்கிறார்கள், மிளகு அவர்களுக்கு நன்றாகவே பழக்கம். அவளுடைய எம்ஆர்ஐ படம், மருத்துவக் குறிப்பு, காலை இழுத்துக்கொண்டு வந்த அன்று நான் எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன், மாணவர்களுக்குக் காட்டவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வர முடியும், அவள் நடப்பதை நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
மிளகை வளர்ப்பவள்,
சென்னை